முதலில் விசாரணையா, முதலில் அறிவிப்பா?

கேள்வி

வணக்கம். மேற்கு சிட்னியில் சிறிய அளவில் வீட்டுப் பராமரிப்புச் சேவை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பொன்றில் இணைப்பாளராக இருக்கிறேன். சேவை பெறுபவர்களில் பெரும்பாலானோர் தமிழ் முதியவர்கள், ஊழியர்களும் அப்படியே. மூன்று கிழமைக்கு முன்பு ஒரு வெள்ளி பின்னேரம் ரோஸ்டரை, அதாவது யார் எந்த வீட்டுக்குப் போவது என்ற வேலைப் பட்டியலை, மாற்றியபோது, தனியாக வாழும் 82 வயது அம்மா ஒருவரின் பெயர் விடுபட்டுவிட்டது. சனியும் ஞாயிறும் அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவருக்கு நீரிழிவு. காலையும் மாலையும் போய்ச் சாப்பாடு கொடுப்பதும் மாத்திரையை நினைவூட்டுவதும் எங்கள் பொறுப்பு. திங்கள் காலை போன ஊழியர் பார்த்தபோது அவர் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார், பேச்சுக் குழறியது. அம்புலன்ஸ் வந்தது. இரண்டு இரவு வைத்தியசாலையில் இருந்துவிட்டு நலமாக வீடு திரும்பிவிட்டார்.

ஊழியர் அன்று காலையே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார். எனக்கு வியாழக்கிழமைதான் தெரியவந்தது. "யாருடைய தவறு என்று முழுமையாக விசாரித்துவிட்டு அறிவிப்போம்" என்கிறார் எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர். "அம்மா நன்றாக இருக்கிறார், எல்லாரும் நம் ஆட்கள்தானே, பெரிதாக்க வேண்டாம்" என்கிறார் மகள். விஷயத்தை வெளியில் பேசுகிறார் என்பதற்காக அந்த ஊழியரின் வேலை நேரத்தைக் குறைக்கலாமா என்றும் தலைவர் கேட்கிறார்.

இன்னும் இரண்டு: வேறொரு ஊழியர் தான் பராமரிக்கும் ஐயாவிடம் 500 டொலர் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றொரு வீட்டில், மகன் தாயின் வங்கி அட்டையைத் தானே வைத்துக்கொண்டு அவரைத் திட்டுவதாக ஊழியர்கள் சொல்கிறார்கள். இவற்றையும் அறிவிக்க வேண்டுமா? பராமரிப்பு நிமிடங்கள், தரக் குறிகாட்டிகள் என்று ஒரு நண்பர் வேறு பயமுறுத்துகிறார். எந்த அறிக்கைகள் எங்களுக்கு உரியவை?

— மேற்கு சிட்னி வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஒரு வரிப் பதில் அனுப்பியிருந்தேன்: இன்றே அறிவித்துவிடுங்கள். அதற்கான காரணங்களை, உங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாரதூரமான சம்பவங்களை அறிவிக்கும் திட்டத்தை, ஊழியர்கள் பேச்சில் 'சேர்ஸ்' எனப்படுவதை, உங்கள் தலைவர் குற்றப்பத்திரிகை போல நினைக்கிறார் என்று தோன்றுகிறது. குற்றம் நிரூபணமானால்தான் அதைப் பதிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தத் திட்டம் அப்படி அமைந்ததே அல்ல. சம்பவம் நடந்தது, அல்லது நடந்ததாக ஒருவர் சொல்கிறார், அல்லது நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது: இந்த மூன்றில் எது இருந்தாலும் முதியோர் பராமரிப்புத் தர மற்றும் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். யார் செய்தார், ஏன் செய்தார் என்பவை பிறகு வருபவை. தலைவர் விரும்பும் விசாரணையும் கட்டாயம் நடக்க வேண்டியதுதான். அறிவிப்பு அதற்காகக் காத்திருக்காது என்பது மட்டுமே வித்தியாசம்.

அந்த அம்மாவின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அறிவிக்க வேண்டிய சம்பவங்கள் எட்டு வகை. அளவுமீறிய பலப்பிரயோகம், பாலியல் அத்துமீறல், உள ரீதியான துன்புறுத்தல், ஊழியர் திருடுவது அல்லது பணத்துக்காக வற்புறுத்துவது, கவனிக்காமல் விடுவது, முறையற்ற கட்டுப்பாடுகள் (கட்டிவைப்பது, பூட்டிவைப்பது, மருந்தால் அடக்கிவைப்பது போன்றவை), காரணம் தெரியாமல் காணாமற்போவது, எதிர்பாராத மரணம். உங்கள் சம்பவம் 'கவனிக்காமல் விடுவது' என்ற வகைக்குள் நேராக வந்து விழுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் இங்கே கேட்கப்படுவது எண்ணம் அல்ல, கடமை. சாப்பாடும் மாத்திரையும் உங்கள் பொறுப்பு என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, நான்கு வருகைகள் தொடர்ந்து நடக்கவில்லை என்றால் கடமை தவறியிருக்கிறது. ரோஸ்டர் மென்பொருளின் பிழையாக இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது அவசர நிலை. இந்தத் திட்டத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. காயமோ பாதிப்போ ஏற்பட்டு மருத்துவ அல்லது உளவியல் சிகிச்சை தேவைப்பட்டால், அல்லது தேவைப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தால், அது முதற்படி: 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பொலிஸுக்குச் சொல்ல நியாயமான காரணம் இருந்தாலும் அதே 24 மணி நேரம்தான்; அப்போது பொலிஸுக்கும் அதற்குள் சொல்லிவிட வேண்டும். பாலியல் அத்துமீறலும் எதிர்பாராத மரணமும் காணாமற்போவதும் எப்போதுமே முதற்படிதான். மற்றவை இரண்டாம் படி, 30 நாள். அம்புலன்ஸில் போய் இரண்டு இரவு வைத்தியசாலையில் இருந்தவரின் விஷயம் எந்தப் படி என்று நான் சொல்லத் தேவையில்லை. 'இப்போது நலமாகிவிட்டார்' என்பது படியை மாற்றாது.

24 மணி நேரம் எப்போது தொடங்கியது? வியாழக்கிழமை உங்களுக்குத் தெரிந்தபோது அல்ல. மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் நிறுவனத்துக்குத் தெரிந்தது என்றே கொள்ள வேண்டும். ஆக, திங்கள் காலை. அந்த ஊழியர் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார். தகவல் உங்களிடம் வந்து சேர மூன்று நாள் எடுத்தது உங்கள் அமைப்பின் உள்ளே இருக்கும் ஓட்டை. எல்லாவற்றிலும் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டையும் அதுதான். கெடு தாண்டிவிட்டதே, இனி அறிவித்து என்ன பயன் என்று சிலர் நினைப்பார்கள். தாமதமான அறிவிப்பு ஒரு குறை. அறிவிக்காமல் விடுவது வேறு விஷயம். அம்புலன்ஸ் ஊழியர்களின் குறிப்பும், வைத்தியசாலைச் சமூகப் பணியாளரின் குறிப்பும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைக்கு உங்கள் அமைப்பு இறங்க வேண்டாம். தாமதத்துக்கான காரணத்தையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

எப்படி எழுதுவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல நல்ல அமைப்புகள் சறுக்கும் இடம் இது. உங்கள் தலைவர் எழுதினால் இப்படி ஒரு வரி வரக்கூடும்: 'தொடர்பாடலில் ஏற்பட்ட சிறு தடங்கல் காரணமாகச் சேவை தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டது, வாடிக்கையாளர் தற்போது நலமாக உள்ளார்.' இதில் பொய் எதுவும் இல்லை. உண்மையும் இல்லை. இதை வாசிக்கும் அதிகாரிக்கு உடனே எழும் கேள்வி, இவர்கள் எதை மறைக்கிறார்கள் என்பதுதான். இதையே இப்படி எழுதலாம்: 'வெள்ளிக்கிழமை மாலை ரோஸ்டர் மாற்றப்பட்டபோது இவரது பெயர் விடுபட்டது. சனி, ஞாயிறு இரு நாளும் காலை, மாலை வருகைகள் நான்கும் நடக்கவில்லை. திங்கள் காலை ஊழியர் அவரைக் குளியலறை வாசலில் தரையில் கண்டார், பேச்சுக் குழறியது. உடனே அம்புலன்ஸ் அழைக்கப்பட்டது. வைத்தியசாலையில் இரண்டு இரவு தங்கினார். வருகை நடக்காததை நாங்கள் அந்த இரு நாட்களில் அறியவில்லை.' கடைசி வரி எழுதக் கை கூசும். ஆனால் அதுதான் அந்த அறிக்கையின் உயிர். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள், அந்த அம்மாவுக்கு இப்போது என்ன பாதுகாப்பு, வேறு யாருக்கும் இது நடக்காமலிருக்க என்ன மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். எவர் மீதும் பழி போடும் சொற்கள் வேண்டாம். இன்னும் தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். 24 மணி நேரத்தில் எல்லாத் தகவலும் கையில் இருக்காது என்று தெரிந்துதான் எஞ்சியதைச் சமர்ப்பிக்க மேலும் 5 நாள் தருகிறார்கள்.

மகள் சொன்னதற்கு வருகிறேன். குடும்பத்தின் சம்மதம் இருந்தால்தான் அறிவிக்கலாம் என்று எங்கும் இல்லை; வேண்டாம் என்று அவர்கள் சொல்வது உங்கள் கடமையை நீக்கவும் மாட்டாது. இதை மகளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். "அக்கா, எங்களுக்கு இதில் தெரிவு இல்லை" என்ற ஒரு வாக்கியம் பல மனஸ்தாபங்களைத் தவிர்க்கும். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த அம்மா என்ன சொல்கிறார்? தலைவர், மகள், மேற்பார்வையாளர் எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டு நாள் தனியாகக் கிடந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்ததை அவரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்பதும் முதியோர் பராமரிப்புக்கான தர நியமங்கள் கேட்கும் கடமைதான். மகள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். நீங்கள் தமிழிலேயே பேசலாம் என்பது பெரிய வசதி. மற்ற மொழி பேசும் ஒருவராக இருந்தால் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்புச் சேவையை அழையுங்கள்; பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்கள் ஆக்காதீர்கள். தங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று முதியவர் விரும்பினால், முதியோருக்கான பரிந்துரை வலையமைப்பு 1800 700 600 என்ற இலக்கத்தில் இலவசமாக உதவுகிறது.

'எல்லாரும் நம் ஆட்கள்' என்ற வாதம் நம் சமூகத்தில் மட்டும் உள்ளதல்ல. தெற்கு அவுஸ்திரேலியாவில் ஓக்டன் என்ற அரச முதியோர் மனநல இல்லத்தில் வருடக்கணக்கில் நடந்த துன்புறுத்தல்கள் வெளியே வந்து, 2017இல் அது மூடப்பட்டது. அங்கேயும் உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தான். 2018 ஒக்டோபரில் முதியோர் பராமரிப்புக்கான றோயல் கமிஷன் என்ற உயர்மட்ட அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இடைக்கால அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பே 'புறக்கணிப்பு'. 2021 மார்ச்சில் இறுதி அறிக்கை 148 பரிந்துரைகளுடன் வெளியானது. அதற்கு அடுத்த மாதமே, 2021 ஏப்ரல் 1 அன்று, இந்த அறிவிப்புத் திட்டம் முதியோர் இல்லங்களில் தொடங்கியது. 2007 முதல் இருந்த பழைய கட்டாய அறிவிப்பு முறையில் ஒரு விலக்கு இருந்தது: தாக்கியவர் மறதிநோய் போன்ற பாதிப்புள்ள இன்னொரு முதியவர் என்றால், சில நிபந்தனைகளுடன், அறிவிக்காமல் விடலாம். அடி வாங்கியவருக்கு வலி ஒன்றுதான் என்பதால் புதிய திட்டத்தில் அந்த விலக்கு போய்விட்டது. உங்களைப் போன்ற வீட்டுச் சேவைகள் இதற்குள் வந்தது 2022 டிசம்பர் 1 அன்று. இல்லத்தில் பக்கத்து அறையில் ஒருவராவது இருப்பார்; வீட்டில் கதவைச் சாத்தினால் சாட்சி கிடையாது. ஆகவே வீட்டுச் சேவைக்கு இந்த விதி இன்னும் கூடுதலாகத் தேவை என்பது என் கருத்து.

ஊழியரின் வேலை நேரத்தைக் குறைப்பது பற்றிய பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய முதியோர் பராமரிப்புச் சட்டத்தில், தகவல் சொல்பவருக்கான பாதுகாப்பு முன்பைவிட மிகவும் விரிந்திருக்கிறது. அவர் மேற்பார்வையாளரிடம் சொன்னாலும், ஆணைக்குழுவிடம் சொன்னாலும், பொலிஸிடம் சொன்னாலும், பெயர் சொல்லாமல் சொன்னாலும் பாதுகாப்பு உண்டு. வாய்மொழியாகச் சொன்னதே போதும். அதற்காக அவருடைய நேரத்தைக் குறைப்பது, ரோஸ்டரில் தூர இடங்களுக்குப் போடுவது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது எல்லாம் பழிவாங்கலாகவே பார்க்கப்படும். அதற்கெனத் தனித் தண்டப்பணமும் இருக்கிறது. விடுபட்ட வருகைகளுக்காக வரக்கூடிய சிக்கலைவிட இது பெரிய சிக்கல். தலைவரிடம் இதைப் பேச்சாகச் சொல்வதோடு விடாமல் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் சட்டத்தின் பார்வையில் 'பொறுப்புள்ள நபர்கள்'. நிறுவனம் தன் கடமைகளைச் செய்கிறதா என்று கவனிக்கும் கடமை அவர்களுக்கும் இருக்கிறது.

500 டொலர் கடன். திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதால் முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஐயா எப்படிக் கொடுத்தார் என்பது. தானாகவே முன்வந்து கொடுத்தாரா, அல்லது "நாளைக்கு வேறு ஆளை அனுப்பினால் உங்களை யார் பார்ப்பார்கள்" என்பது போன்ற பேச்சுக்குப் பிறகு கொடுத்தாரா? தன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் கையே கடன் கேட்டால் மறுப்பது எளிதல்ல. வற்புறுத்தலோ ஏமாற்றோ இருந்ததாகச் சந்தேகிக்க இடமிருந்தால் அது அறிவிக்க வேண்டிய சம்பவம். பொலிஸுக்குச் சொல்ல வேண்டிய அளவு என்றால் 24 மணி நேரம், இல்லையென்றால் 30 நாள். அப்படி எதுவும் இல்லை என்று அந்த ஐயாவிடம் தனியாகப் பேசித் தெளிந்தால் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் சம்பவப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். அறிவிக்கத் தேவையில்லை என்று ஏன் முடிவெடுத்தீர்கள் என்ற காரணமும் இரண்டு வரியில் இருக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு நடத்தைக் கோவை 2022 டிசம்பர் முதல் ஒவ்வொரு ஊழியரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. சேவை பெறுபவரிடம் கடன் வாங்குவது அதனோடு பொருந்தாத பழக்கம். உங்கள் அமைப்பின் கொள்கையில் அதற்குத் தடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மகன் வங்கி அட்டையை வைத்திருக்கும் வீடு வேறு வகை. வீட்டுச் சேவையில், உங்கள் சேவை வழங்கலோடு தொடர்புள்ள சம்பவங்களே இந்தத் திட்டத்துக்குள் வரும். மகன் உங்கள் ஊழியர் அல்ல. ஆகவே இதை அந்தப் படிவத்தில் போட வேண்டியதில்லை. அதற்காகப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. ஊழியர்கள் கண்டதையும் கேட்டதையும் திகதி, நேரத்தோடு பதியச் சொல்லுங்கள். மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தத் தாயோடு பேசுங்கள். முடிவெடுக்கும் தெளிவு அவருக்கு இருந்தால், என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் அவர்தான். நியூ சவுத் வேல்ஸில் முதுமை மற்றும் மாற்றுத்திறன் ஆணைக்குழுவின் உதவி இலக்கம் 1800 628 221. நீங்கள் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். வேறு மாநிலங்களில் உள்ளவர்கள் 1800 353 374 என்ற தேசிய இலக்கத்தை அழைக்கலாம். அடிதடி, உடனடி ஆபத்து என்றால் 000.

உங்கள் நண்பர் சொல்லிப் பயமுறுத்தியவற்றில் பாதி உங்களுக்கு உரியதல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 பராமரிப்பு நிமிடங்கள், அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற தாதியுடையது என்ற கணக்கு முதியோர் இல்லங்களுக்கானது. தாதி 24 மணி நேரமும் இருந்தாரா என்ற மாதாந்த அறிக்கையும், ஒவ்வொரு காலாண்டும் முடிந்த அடுத்த மாதம் 21ஆம் திகதிக்குள் தர வேண்டிய தரக் குறிகாட்டிகளும் அப்படியே. படுக்கைப் புண், விழுதல், எடை குறைதல் என்று அந்தக் குறிகாட்டிகள் இப்போது 14 இருக்கின்றன. நீங்கள் நடத்துவது வீட்டுச் சேவை, அவற்றை மறந்துவிடலாம்.

உங்களுக்கு உரியவை நிதியும் நிர்வாகமும். காலாண்டு நிதி அறிக்கைக்கான கெடு நவம்பர் 4, பெப்ரவரி 14, மே 5, ஓகஸ்ட் 4. ஆண்டு நிதி அறிக்கைக்கும் ஆண்டுச் செயற்பாட்டு அறிக்கைக்கும் கெடு ஒக்டோபர் 31. இவற்றை உங்கள் கணக்காளரின் நாட்காட்டியில் மட்டும் விடாமல் உங்கள் நாட்காட்டியிலும் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய அமைப்புகள் அடிக்கடி தவறவிடும் இன்னொன்று இருக்கிறது. குழுவில் ஒருவர் விலகினால், புதியவர் சேர்ந்தால், அல்லது ஒருவருடைய தகுதியைப் பாதிக்கும் ஏதாவது நடந்தால், 14 நாட்களுக்குள் தர மற்றும் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கைதட்டிப் புதிய பொருளாளரைத் தெரிவுசெய்துவிட்டு, அடுத்த கூட்டம் வரை அதை யாரும் நினைப்பதே இல்லை.

கடைசியாக ரோஸ்டர். வெள்ளி பிற்பகல் மாற்றங்களை அனுமதிக்கத்தான் வேண்டும் என்றால், மாற்றியவர் தவிர இன்னொருவர் அன்றிரவே பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். தனியாக வாழ்பவர்கள், இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள், மறதிநோய் உள்ளவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவர்களுடைய வருகை தொடங்கியதாக அரை மணி நேரத்துக்குள் பதிவாகவில்லை என்றால் யாருடைய கைப்பேசியில் மணி அடிக்க வேண்டும் என்பதைச் சனி, ஞாயிறுக்கும் சேர்த்து முடிவுசெய்யுங்கள். எந்தச் சம்பவம் எந்தப் படி என்று குழப்பம் வந்தால், கேள்வி கேள்வியாக வழிநடத்தும் கருவி ஒன்று ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. 1800 951 822 என்ற இலக்கத்தில் ஆளோடும் பேசலாம். மேற்பார்வையாளரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தையே அந்தக் கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அடுத்த முறை அவர் வியாழன் வரை காத்திருக்க மாட்டார்.